ஆணியின் சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 11, திங்கள்

அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. ஒருவருடைய நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போன் இருக்க ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ பத்து பேசி, என்னைச் சிரிக்க வைத்து, போனையும் வைத்துவிடுவாய். எதற்குக் கூப்பிட்டேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு ஞாபகம் வரும். அதனால் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுது.

உன் மாப்பிள்ளை நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை ரயிலேறி, உன் வீட்டில் தங்கி, சனிக்கிழமை உன் கிளப்புக்கு ரக்பி ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர், வழக்கமாக வாசலிலேயே கதையை ஆரம்பித்துவிடுவார். நேற்று ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தார். தலைவலி என்றார். வெளிச்சம் ஆகவில்லை, திரையை இழுத்துவிடச் சொன்னார். சாயங்காலம் எழுந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஒரு கண்ணை மூடினால்தான் ஒரு டம்ளர் தெரிகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்று காலை சவரம் செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்தார். "ரெண்டாவது பாதி. நாமதான் முன்னாடி. போன வாரம் மில் டீம். ஜெயிச்சோம்." என்ன இது என்று கேட்டேன். "பாடம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் பெருமையாகவே சொன்னார். தலையில் அடிபட்டு விழுந்தவனிடம் முதலுதவிப் பெட்டிக்காரர் ஓடி வந்து கேள்வி கேட்பாராம். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினாய், ஜெயித்தாயா. தடுமாறினால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் சட்டை மாட்டும்போதே நீ எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, பதில்களை ஒப்பிக்கச் சொல்வாயாம். முன்கூட்டித் தெரியாத பதிலை, தொப்பை என்று நீங்கள் கூப்பிடுகிற ஆட்டக்காரன் பெட்டிக்காரருக்குப் பின்னால் நின்று விரலால் காட்டுவானாம்.

சனிக்கிழமை அவர் விழுந்து எழுந்து, எதிர் டீமோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நானும் சிரிப்பேன் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணா.

நீ டயர் கடைக்காரன். டயரின் பக்கவாட்டில் சின்ன வீக்கம் கண்டால் வண்டிக்காரன் எவ்வளவு கெஞ்சினாலும் சாவியைக் கொடுக்கமாட்டாய். இந்த மனிதரை மட்டும் எப்படி வெளியே ஓட விட்டாய்? ஸ்கேன் என்று நான் வாயெடுத்தாலே "ஃபைனல் முடியட்டும்" என்கிறார். நீ சொன்னால் மறுபேச்சு இல்லாமல் போவார். ஒரு வார்த்தை சொல். அதுவரை ஆட்டத்தில் சேர்க்காதே.

தங்கை


ஆகஸ்ட் 14, வியாழன்

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் என்றதும் கடையில் வேலை செய்கிறவன் பயந்துவிட்டான், கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறதோ என்று. பிரித்தால் நீ. கோர்ட் தேவலாம் போலிருந்தது.

முதலில் ஒன்று சொல்கிறேன். அவன் உனக்குக் கணவன் ஆவதற்கு முன்னாலேயே எனக்கு ஏழாம் எண் சட்டைக்காரன். மைதானத்திலிருந்து சேறோடு அவனை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தது யார்? தரையெல்லாம் சேறாக்குகிறான் என்று கத்தியவள் யார்? பிறகு அந்தச் சேற்றை யார் துடைத்தது, எப்படிச் சிரித்துக்கொண்டே துடைத்தது என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. எனவே மாப்பிள்ளைமேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எழுதாதே.

அவனுக்கு ஏன் ஆணி என்று பெயர் வந்தது, தெரியுமா? பந்தோடு ஓடுகிறவனை வீழ்த்தியதும் அவன் பந்தை விட்டாக வேண்டும். அந்த ஒரு நொடியில் எங்கிருந்தோ வந்து குனிந்து பந்தின்மேல் நிற்பான் உன் ஆள். அதற்குப் பிறகு நாலு தடியன்கள் தோளைக் கொடுத்து மோதினாலும் அசையமாட்டான். அடித்த ஆணி அடித்ததுதான். இந்த வட்டாரத்தில் சனிக்கிழமை ரக்பி ஆடுகிற அத்தனை கிளப்பிலும் அப்படி ஒருவன் கிடையாது. குனிந்து நிற்கிறவனுக்குத் தலையில் படத்தான் செய்யும்.

பாடம் விஷயம் விளையாட்டாக ஆரம்பித்தது. எங்கள் பின்வரிசைப் பையன் ஒருவன், போன வாரம் யாரோடு ஆடினோம் என்று தெரியாமல் முழித்ததற்காக வெளியேற்றப்பட்டான். அவனுக்குச் சாதாரண நாளிலேயே அது தெரியாது. அதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். எல்லா கிளப்பிலும் நடக்கிற காரியம்தான்.

மாப்பிள்ளை இங்கே நன்றாகத்தான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான். பாத்ரூம் போக எழுந்தவன் துணி அலமாரியைத் திறந்துகொண்டு நின்றான். உன் அண்ணி பதறிவிட்டாள். தூக்கக் கலக்கம், வேறென்ன? நான் ஒருமுறை உன் கல்யாணத்தன்றே வேறு மண்டபத்துக்குப் போகவில்லையா?

சனிக்கிழமை செமி ஃபைனல். ஸ்கேன், மண்ணாங்கட்டி எல்லாம் பிறகு பார்க்கலாம். படம் எடுக்க உள்ளே போனால் எதையாவது கண்டுபிடிக்காமல் வெளியே விடமாட்டார்கள். என் எண்ணைத் திறந்துவிடு.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 18, திங்கள்

அண்ணாவுக்கு,

ஆடவிட்டாய்.

நேற்று அவர் வர வேண்டிய ரயிலில் வரவில்லை. அடுத்த ரயிலில், எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். எங்கள் ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டாராம். தூங்கிவிட்டேன் என்றார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன. நான் சரிசெய்யும்போது குழந்தைபோல நின்றார். அவர் அப்படி நிற்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

மேட்ச் எப்படி என்று கேட்டேன். உட்கார்ந்து முழுக்கச் சொன்னார், அழகாகச் சொன்னார். மழை, வழுக்கல், கடைசி நிமிடத்தில் தொப்பை விழுந்துகொண்டே கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்தை வைத்தது. அது போன வருஷ மேட்ச், அண்ணா. நான் அங்கே இருந்தேன். உன் பக்கத்தில், உன் குடைக்குள் நின்றேன். இந்த சனிக்கிழமை உங்கள் ஊரில் மழையே இல்லை.

"நல்லா ஆடினீங்க" என்றேன்.

எங்கள் கடைக்கு வருகிற கண் டாக்டரிடம் விவரம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம், வாரக்கணக்கில்கூடக் கசியும், இன்னொரு இடி விழக்கூடாது என்றார். இன்றைக்கே கூட்டிப் போ என்றார். நான் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் விடமாட்டார் என்று நீதானே எழுதினாய்.

அதனால் கடைசியாகக் கேட்கிறேன். ஃபைனலில் இருந்து அவரை எடு, ஸ்கேனுக்குப் போகச் சொல். இல்லையென்றால் லீக் ஆபீசுக்கு உன் பாடத்தைப் பற்றி நானே எழுதுவேன்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாலு,

எழுது. தாராளமாக எழுது. சொந்த அண்ணன் கட்டிய கிளப்பை மூட வைத்த தங்கை என்று நாலு பேர் சொல்லட்டும்.

இந்த கிளப் இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்திருக்கிறோம், அதுவும் உன் புருஷன் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறோம். தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். யாரைப் பார்க்க? என்னையா? பெரிய டீமில் ஆட வேண்டும் என்று அவன் எத்தனை வருஷமாகச் சொல்கிறான், உனக்குத் தெரியாதா? வயது முப்பதைத் தொடப்போகிறது. இதுதான் அவனுக்குக் கடைசி பஸ். அதை நான் தடுத்து நிறுத்தினேன் என்றால் சாகிறவரைக்கும் என் முகத்தில் முழிக்கமாட்டான். அந்தப் பழியை நீ என் தலையில் கட்டப் பார்க்கிறாய்.

மேட்ச் கதை மாறிப்போனதெல்லாம் ஒரு விஷயமா? எனக்கே எல்லா மழையும் ஒரே மழையாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் மேட்ச் இல்லை, பயிற்சி மட்டும்தான். பக்கத்தில் நின்று பார்த்தேன். கொஞ்சம் மந்தமாக இருந்தான், ஒத்துக்கொள்கிறேன். பந்து இடதுபக்கம் வந்தபோதெல்லாம் நழுவவிட்டான். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும்.

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்குக் கிளம்புகிற மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், அவனிடம் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 26, செவ்வாய்

அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எவ்வளவு திட்டினாலும் பதில் போடுகிறவன் நீ. சரி, பேசாமல் இருப்பதுதான் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

லீக் ஆபீசுக்கு எழுதினேன். மேசைமேல் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். "இதப் போட்டின்னா அந்தப் பசங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று கேட்டார். கத்தவில்லை. அழுதார். கிழித்துப்போட்டுவிட்டேன். அது என் கோழைத்தனம், உன் தலையில் கட்டமாட்டேன்.

காலையில் வாந்தி எடுக்கிறார். நேற்று இடது கையிலிருந்து தட்டு நழுவியது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ராத்திரியில் பக்கத்தில் கை வைத்துப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அவருக்கு போன் செய். "மாப்ள, ஸ்கேன் முடிச்சுட்டு வா, இல்லன்னா சட்டை கிடையாது" என்று சொல். இவ்வளவுதான் கேட்கிறேன். சட்டை உன் கையில்தானே இருக்கிறது.


ஆகஸ்ட் 29, வெள்ளி

வாலு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. எடுத்தேன், வைத்தேன், அவ்வளவுதான்.

இன்று மத்தியானமே மாப்பிள்ளை வந்துவிட்டான். ஸ்கேனுக்குப் போகவில்லை என்று அவன் வந்து நின்ற நேரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினான். "மச்சான், உங்க தங்கச்சி குடுத்தா" என்றான். நீதான் மறுபடி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துப் பிரித்தேன். என் கையெழுத்து. போன ஞாயிற்றுக்கிழமை நான் உனக்கு எழுதி, அவன் கையில் கொடுத்த அதே கடிதம்.

"எப்ப குடுத்தா?" என்று கேட்டேன்.

"காலைல கிளம்பறப்ப. அழுதுட்டே குடுத்தா. கட்டாயம் உங்ககிட்ட சேத்துடணும்னு சொன்னா."

பொய் சொல்லவில்லை, வாலு. அவன் முகத்தைப் பார்த்தேன். நடக்காத ஒன்றை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். கடையின் உள்ளே போய், டயர் அடுக்குக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வந்து சொன்னேன். "மாப்ள, நாளைக்கு நீ ஆடல." அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முகம் அப்படியே விழுந்துவிட்டது. "சரி மச்சான், நீங்க சொன்னா சரி" என்றான். உன் அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்தான். குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டான். மறுபடி சொன்னேன். மறுபடி முகம் விழுந்தது, அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவன்போல. பிறகு ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். மூன்றாவது தடவை சொல்ல என்னால் முடியவில்லை, உன் அண்ணிதான் சொன்னாள். அவள் முன்னால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நீ சொன்னது அத்தனையும் சரி. எழுதக் கை கூசுகிறது.

நானே அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் நாளைக் காலை ஃபைனல். ஏழாம் எண்ணுக்கு வேறு ஆளைத் தயார் செய்ய வேண்டும், பசங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாது. அதனால் சாயங்கால ரயிலில் ஏற்றிவிடுகிறேன். உன் கடைக்கு போன் செய்து, நீ பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்று உன் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திவிடுகிறேன். உறைமேல் உன் முகவரியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். இரண்டு மணி நேரப் பயணம்தானே. இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நாளை மேட்ச் முடிந்த கையோடு நான் வந்துவிடுவேன்.

அண்ணன்


செப்டம்பர் 9, செவ்வாய்

வாலு,

மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி தடுத்துவிட்டார். அம்மா உங்களை விட வேண்டாமென்று சொல்லியிருக்காங்க சார் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மூன்றாவது தடவை எனக்கு நாற்காலிகூடப் போட்டார்.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பிழைத்துவிட்டான் என்று தொப்பைதான் வந்து சொன்னான். அவனையும் உள்ளே விட்டிருக்கிறாய், என்னை விடவில்லை. நியாயம்தான்.

கோப்பையை ஜெயித்தோம். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வண்டியின் டிக்கியில் கிடக்கிறது, வீட்டுக்குள் எடுத்துப் போகவில்லை. உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை ஒரு நட்பு ஆட்டம். ஏழாம் எண் சட்டையில் புதிதாக ஒருவன். எவனுடைய முழங்காலோ தலையில் பட்டு விழுந்தான். பெட்டிக்காரர் ஓடினார். அஞ்சு கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னான், ஒன்றுகூடத் தப்பில்லை. அவன் சரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. உள்ளே ஓடிப்போய் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டேன். பசங்க கோபமாக இருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி ஆயிட்டீங்க கோச் என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


செப்டம்பர் 22, திங்கள்

அண்ணாவுக்கு,

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்துகொள்.

நீ சொன்ன ரயில் வந்தது. நான் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடினேன். அவர் இறங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்த ரயிலுக்கும் நின்றேன், அதற்கடுத்ததற்கும் நின்றேன். உன் கடிதம் எனக்கு ஒரு ரயில்வே போலீஸ்காரர் கையால் வந்தது, ஊக்கோடு. வண்டி போய் நிற்கிற கடைசி ஸ்டேஷனில், எல்லாரும் இறங்கியபிறகு பெட்டியைப் பெருக்க வந்த அம்மா அவரை எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. நீ பிடித்துக்கொடுத்த ஜன்னலோர இடத்தில், கண்ணாடியில் தலை சாய்த்தபடி இருந்திருக்கிறார். எங்கள் ஸ்டேஷனைக் கடந்தபோது நான் அந்த ஜன்னலை ஒட்டித்தான் ஓடியிருப்பேன்.

மண்டை ஓட்டைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பெரிய டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் வந்திருந்தால் நடந்தே வந்திருப்பார், சில நாளில் நடந்தே போயிருப்பார் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இடது கை மூடாது. பேச்சு வருகிறது, மெதுவாக வருகிறது. என்னைத் தெரிகிறது, உன் பேரைச் சொன்னால் தெரிகிறது, தொப்பையைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் தினமும் அவருக்குச் சனிக்கிழமை காலை. கண் விழித்ததும் பையைத் தேடுகிறார். "நேரமாயிடுச்சு, மச்சான் காத்திட்டிருப்பாரு" என்கிறார்.

நான் சொல்கிறேன். இனிமேல் நீங்க ஆட முடியாதுங்க என்று சொல்கிறேன். அந்த முகம் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும், நீயே எழுதியிருக்கிறாய். நீ இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூன்றாவதை அண்ணியிடம் தள்ளிவிட்டாய். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மழையால் மேட்ச் இல்லை என்று பொய் சொல்லிப் பார்த்தேன். ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒரு மழையா?" என்று சொல்லி, ஷூவை எடுத்துத் தரச் சொன்னார்.

உன்னை உள்ளே விட வேண்டாம் என்று சொன்னது நான்தான். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது வருமா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வா. கோப்பை வேண்டாம், பழம் வேண்டாம், கை வீசிக்கொண்டு வா. காலையில் அவர் எழுவதற்கு முன்னால் வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். அவர் கண் விழித்துப் பையைக் கேட்பார். எனக்கு முடியவில்லை, அண்ணா. ஒரு நாளைக்காவது அவரிடம் நீ சொல்.